நன்மை வாங்குதல்: அப்பத்தில் எழுந்தருளல் குறித்துச் சில கருத்துகள்

திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களிலும் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களில், பிள்ளைகளுக்கு விவரம் தெரியும் வயது வந்ததும் 'புதுநன்மை' என்றொரு விழா எடுப்பர். வெள்ளாடை உடுத்திய சிறாரும் சிறுமியரும் கையில் மெழுகுதிரியுடன் கோவிலுக்குள் வரிசையாய்ச் செல்வர். வாழ்வில் முதன்முறையாகக் குருவானவரின் கையிலிருந்து அந்த மெல்லிய வெண்ணிற அப்பத்தைப் பெறுவர். அதனைப் பெறுவதற்கு அவர்கள் மொழியில் 'நன்மை வாங்குதல்' என்று பெயர். அதே ஊரில், ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகம் அடங்கியிருப்பதால் பேகம்பூர் எனப் பெயர் பெற்ற நம் பகுதியில், 'நன்மை' என்ற இதே சொல் 'தவாப்' என்னும் அரபுச் சொல்லுக்கு ஈடாக வழங்குகிறது. கூட்டுத் தொழுகைக்கு இத்தனை மடங்கு நன்மை, நோன்பாளிக்கு உணவளித்தால் இன்ன நன்மை என்று நாம் பேசுகிறோம். நாம் சொல்லும் நன்மை வானவரின் ஏட்டில் எழுதப்படுவது. அவர்கள் சொல்லும் நன்மை நாவில் வைக்கப்படுவது. ஒரு சொல் இப்படி இரு வேறு திசைகளில் நடந்து போயிருப்பதைப் பற்றி யாரும் வியந்ததாகத் தெரியவில்லை.

இச்சொல்லைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியதற்கு ஒரு நிகழ்ச்சி காரணம். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் மகளுடைய புதுநன்மை விழாவுக்குச் சென்றிருந்தேன். உடன் வந்த உறவுக்கார இளைஞன், வரிசை நகர்ந்தபோது தானும் எழுந்து போய், பிறரைப் போலவே கைநீட்டி அப்பத்தைப் பெற்று உண்டுவிட்டுத் திரும்பினான். வீடு திரும்பும் வழியில் கேட்டபோது, "எல்லாரும் போனாங்க மாமு, நாம மட்டும் உட்கார்ந்திருந்தா மரியாதையா இருக்காதேன்னு போனேன்" என்றான். அவன் செய்தது மரியாதை அன்று. ஆனால் அது ஏன் மரியாதை அன்று என்பதை அவனுக்கு விளக்க முற்பட்டபோது, என்னிடம் இருந்த அறிவு வாதப் பிரதிவாதத் துண்டுநூல்களிலிருந்து திரட்டியது மட்டுமே என்பது புலப்பட்டது. கத்தோலிக்கர் அந்த அப்பத்தைப் பற்றி உண்மையில் என்ன நம்புகின்றனர் என்பதை அறியாமலே நாம் அதனை மறுத்து வந்திருக்கிறோம்.

நம் துண்டுநூல்களில் மீண்டும் மீண்டும் வருவது ஓர் ஏளனம்: தாம் வணங்குவதையே உண்பவர்கள் என்பது. இவ்வேளனத்துக்கு ஒரு பெரிய பெயரும் துணைக்கு அழைக்கப்படுவதுண்டு. குர்துபாவின் மெய்யியலார் இப்னு ருஷ்து (1126–1198) இவ்வாறு கூறியதாக ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கி வந்தது. அவருடைய நூல்களில் இதற்கு ஆதாரம் இல்லை. சமயமற்றவர் என்று தாம் கருதிய ஒருவரின் வாயில் வைக்கத் தகுந்த வாசகமென ஐரோப்பியரே புனைந்து அவர் தலையில் ஏற்றிய பழி அது. அதையே நாம் பெருமையுடன் திரும்ப எடுத்தாள்வது ஒரு விந்தை.

அவர்களின் கோட்பாடுதான் என்ன? குருவானவர் பலிபீடத்தில், இறுதி இராவுணவின்போது இயேசு மொழிந்ததாக நற்செய்தி நூல்கள் கூறும் சொற்களைச் சொன்னதும், அப்பமும் திராட்சை இரசமும் மெய்யாகவே இயேசுவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறிவிடுகின்றன. அது அடையாளமோ நினைவுச் சின்னமோ மட்டும் அன்று. ஆயினும் நிறம், மணம், சுவை, வடிவம் எதுவும் மாறுவதில்லை. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் 'உட்பொருள் மாற்றம்' என்று நாம் பெயர்க்கத்தக்க ஓர் இலத்தீன் சொல்லால் இதனைக் குறித்தது. சீர்திருத்த இயக்கம் இதனை எதிர்த்தபோது, 1551இல் திரெந்து சங்கம் அதனை மீண்டும் உறுதி செய்தது. இடையில் தோமா அக்குவினாஸ் (இறப்பு 1274) இதற்கு மெய்யியல் வடிவம் தந்தார். ஒரு பொருளில் அதன் உட்பொருள் வேறு, அதனைப் பற்றி நிற்கும் குணங்கள் வேறு. இயற்கையில் நிகழும் மாற்றங்களில் குணங்கள் மாறும். இங்கோ குணங்கள் நிற்க, உட்பொருள் மட்டும் மாறுகிறது என்பது அவர் கூற்று.

நம் இல்முல் கலாம் பயின்றவர்க்கு இச்சொற்கள் புதியன அல்ல. ஜவ்ஹர், அறழ் என்று நாம் படித்தவையே அவை. தமிழில் குணி, குணம் என்பர். பழைய தமிழ் ஞானோபதேச ஏடுகள் 'அப்ப இரச குணங்கள்' என்று குறிப்பது இந்த அறழையே. திண்டுக்கல் சிற்றூர் ஒன்றில் எழுத்தறியாத மூதாட்டி மனப்பாடமாய்ச் சொன்ன வாய்பாட்டில் அரிஸ்தாத்தலின் ஒரு சொல் உறங்கிக் கிடந்தது. அது அவருக்கும் தெரியாது, அவரைப் பார்த்து நகைத்த நமக்கும் தெரியாது.

இங்கே நம் தரப்பின் மெய்யான வினா எழ வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'தஹாஃபுத்' நூலின் பதினேழாம் ஆய்வில், ஒன்று மற்றொன்றாக மாறுதல் என்றால் என்ன என்பதை நுணுகி ஆராய்கிறார். நீர் ஆவியாவதிலும், மூஸா (அலை) அவர்களின் கைத்தடி பாம்பானதிலும் இரண்டுக்கும் பொதுவான மூலப்பொருள் ஒன்று உண்டு. அது ஒரு வடிவத்தைக் களைந்து மற்றொன்றை ஏற்கிறது. ஆகவே அது இறையாற்றலுக்கு உட்பட்டது. பொதுவான மூலப்பொருளே இல்லாத இடத்தில் 'இது அதுவாயிற்று' என்பதற்குப் பொருளே இல்லை என்பது அவர் முடிவு. இந்த அளவுகோலை அப்பத்தின்மேல் வைத்துப் பார்த்தால் கோட்பாடு இடறுகிறது. அப்பத்தின் மூலப்பொருளும் எஞ்சுவதில்லை, அதன் வடிவமும் எஞ்சுவதில்லை, உட்பொருள் முழுவதும் மாறிவிடுகிறது என்கிறார் அக்குவினாஸ். இதனை வேறெந்த மாற்றத்தோடும் ஒப்பிட இயலாது என அவரே ஒப்புகிறார். உள்ளமையையே படைத்தவனுக்கு உள்ளமை முழுவதையும் மாற்றவும் இயலும் என்பது அவர் விடை. எஞ்சும் குணங்கள் எதைப் பற்றி நிற்கும் என்ற வினாவுக்கு, நிறமும் சுவையும் அப்பத்தின் பரிமாண அளவைப் பற்றி நிற்க, அவ்வளவோ பற்றுக்கோடின்றி இறையாற்றலால் நிற்கிறது என்கிறார். அறழ் தன்னைத் தாங்கும் இடமின்றி நிற்காது என்ற நம் கலாம் அறிஞர்கள் இதனை ஏற்றிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் நகைத்திருக்கவும் மாட்டார்கள். நூலை விரித்து அமர்ந்திருப்பார்கள்.

மற்றொரு வேறுபாட்டையும் நோக்க வேண்டும். மூஸா (அலை) அவர்களின் கைத்தடி பாம்பானதை ஃபிர்அவ்னின் அவையினர் கண்ணால் கண்டனர். காண்போரை வாயடைக்கச் செய்வதே முஃஜிஸாவின் நோக்கம். அப்பத்தின் மாற்றமோ காண இயலாதது என்பதாலேயே நம்பிக்கைக்கு உரியதாகிறது. இந்த வகையில், அவ்வப்போது கேள்விப்படும் 'நற்கருணைப் புதுமைகள்' அக்கோட்பாட்டுக்கு வலுச்சேர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கேரளத்தின் விளக்கன்னூரில் 2013 நவம்பரில் அப்பத்தின்மேல் ஒரு முகம் தோன்றியதாகப் பேசப்பட்டு, 2025இல் உரோமையின் ஒப்புதலும் அறிவிக்கப்பட்டது. இத்தகைய தோற்றங்களைக் குறித்து அக்குவினாஸ் மிக எச்சரிக்கையாக எழுதியுள்ளார்: அப்படித் தெரிவது இயேசுவின் சொந்த உருவம் அன்று என்பது அவர் கருத்து. மக்களின் ஆர்வம் அறிஞரின் எச்சரிக்கையைத் தாண்டி ஓடுவது எல்லாச் சமயங்களிலும் உள்ளதே.

இனி, சொல்லின் பக்கம் வருவோம். 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் மார்ட்டின் லூதரும் ஸ்விங்லியும் எதிரெதிரே அமர்ந்து வாதிட்டது, இயேசு மொழிந்த தொடரின் இலத்தீன் வடிவில் வரும் 'ஆகும்' என்னும் ஒரு வினைச்சொல்லைப் பற்றி. ஸ்விங்லி அதற்குக் 'குறிக்கும்' என்று பொருள் கொண்டார். லூதரோ எழுதியது எழுதியபடியே என்றார். எதிர்ப்புச் சபையார் அனைவரும் அப்பத்தை வெறும் அடையாளமாகக் கொள்வர் என்று நம்மில் பலர் எண்ணுவது தவறு. உட்பொருள் மாற்றத்தை லூதர் மறுத்தாரேயன்றி, உடல் அங்கு மெய்யாய் உள்ளது என்பதை மறுக்கவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அந்த லூத்தரன் மரபினரே. அவர் வழியினரை எதிர்த்து 'வேதவிளக்கம்' முதலிய நூல்களை எழுதிய வீரமாமுனிவரும் அவர்களும், அப்பம் வெறும் அப்பமாகவே நின்றுவிடுவதில்லை என்பதில் ஒரே பக்கம்தான் நின்றனர்.

தமிழில் இந்தச் சண்டைக்கு இடமில்லை. 'இவன் என் தம்பி' என்பதுபோல, இரு பெயர்களை அருகருகே வைத்தாலே நம் மொழியில் தொடர் முற்றுப்பெறும். இடையில் 'ஆகும்' வேண்டியதில்லை. அரபியிலும் அவ்வாறே, முப்ததாவும் கபரும் போதும். இயேசு பேசிய அறமேய மொழியும் அரபியின் உறவு மொழியே. ஆகவே வினை எங்கே என்று தேடுவதில் பயனில்லை. தொடர் உருவகமா, உள்ளபடியா என்பதே வினா. 'ஸைத் சிங்கம்' என்ற எடுத்துக்காட்டைப் பலாகத் பாடத்தில் படித்தவர்கள் நாம். தண்டியலங்காரம் படித்தவர்கள் அதனை உருவகம் என்பர். 'வெளிப்படையாக உருவகம்தானே, இதில் என்ன குழப்பம்?' என்று இங்கு நம்மவர் வினவுவர். வினவுவோர் சற்றே தம் பக்கமும் திரும்பிப் பார்ப்பது நலம். இறைவனின் கை என்றும், அவன் அர்ஷின்மீது அமைந்தான் என்றும் திருமறையில் வருவனவற்றை ஹகீகத்தாகக் கொள்வதா மஜாஸாகக் கொள்வதா என்று நம் முன்னோர் எத்தனை நூற்றாண்டு வாதிட்டனர்! 'எவ்வாறு என்று கேளாமல்' ஏற்க வேண்டும் என்ற இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் நிலைப்பாட்டைப் போற்றும் நாம், அதே தொனியில் பேசும் அண்டைவீட்டாரைப் பகுத்தறிவு இல்லாதவர் என்பது எவ்வாறு பொருந்தும்?

இதனினும் நெருங்கிய ஒப்புமை ஒன்று நம்மிடம் உண்டு. அது நபி ஈசா (அலை) அவர்களைப் பற்றியதன்று, முஸ்ஹஃபைப் பற்றியது. இறைவனின் பேச்சு படைக்கப்படாதது. தாளும் மையும் படைக்கப்பட்டவை. அவ்வாறாயின் நம் கையில் இருப்பது என்ன? நம் அரபுக் கல்லூரிகளில் தலைமுறைகளாகப் பாடமாய் இருந்துவரும் 'அகாயிதுன் நஸஃபிய்யா', குர்ஆன் ஏடுகளில் எழுதப்பட்டும், இதயங்களில் காக்கப்பட்டும், நாவுகளால் ஓதப்பட்டும் உள்ளது, ஆயினும் அவற்றில் 'ஹுலூல்' ஆகவில்லை, அதாவது குடிபுகவில்லை என்று அளந்து சொல்கிறது. இப்பொருளில் கலீஃபா மஃமூன் 833இல் தொடங்கிய விசாரணையில் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) பட்ட துன்பம் யாவரும் அறிந்ததே. ஒரு பிரதி எரிந்தால் குர்ஆன் எரிவதில்லை; கோடிப் பிரதிகள் இருந்தாலும் குர்ஆன் ஒன்றே. அப்பத்தைப் பிட்டால் இயேசுவின் உடல் பிளவுறுவதில்லை. இடத்தில் பொருள் இருப்பதுபோல் அவர் அதில் இருப்பதில்லை. அப்பம் கெட்டு அப்பமென்று சொல்லத்தகாத நிலை அடைந்தால் அந்த இருப்பும் நீங்கிவிடும் என்று கத்தோலிக்க அறிஞர் கூறுவதை இதனருகே வைத்துப் பார்க்கலாம். செரிமானத்தைக் காட்டி நம் துண்டுநூல்கள் செய்யும் கேலிக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கூறப்பட்டுவிட்டது.

பழக்கங்களிலும் இந்த நெருக்கம் தெரியும். ஒளூ இன்றி முஸ்ஹஃபைத் தொடாதவர்கள் நாம். கிழிந்த ஏடுகளைக் குப்பையில் எறியாமல் கால்படாத இடத்தில் புதைப்பவர்கள். அவர்களிலும் முந்தைய தலைமுறையினர் நள்ளிரவு முதல் நீரும் அருந்தாமல் இருந்தே நன்மை வாங்கினர். 1953இல் தண்ணீருக்கு மட்டும் விலக்கு வந்தது, 1957இல் மூன்று மணி நேரமாயிற்று, 1964இல் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. உதிர்ந்த துணுக்கையும் கவனமாக எடுக்கின்றனர். எஞ்சிய அப்பத்தைப் பேழையில் வைத்துப் பூட்டி, அருகே அணையா விளக்கு ஏற்றுகின்றனர்.

பேழை என்றதும் நம் மரபின் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. ஐந்தாம் அத்தியாயம் அல்மாயிதா, உணவு விரிப்பின் பெயரையே தன் பெயராய்க் கொண்டது. வானிலிருந்து உணவு விரிப்பு ஒன்றை இறக்குமாறு சீடர்கள் கேட்டதும், முன்னோர்க்கும் பின்னோர்க்கும் அது பெருநாளாக அமைய வேண்டுமென ஈசா (அலை) இறைஞ்சியதும், எச்சரிக்கையுடன் கூடிய இறைவாக்கும் அதன் 112 முதல் 115 வரையுள்ள வசனங்களில் வருகின்றன. விரிப்பு இறங்கியதா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. எச்சரிக்கையைக் கேட்ட சீடர்கள் வேண்டுகோளை விலக்கிக்கொண்டனர், ஆகவே அது இறங்கவில்லை என்று முஜாஹித், ஹஸன் அல்பஸரி (ரஹ்) ஆகியோர் கருதியதைத் தபரி பதிவு செய்கிறார். தபரியின் சொந்த முடிவு, இறங்கியது என்பதே. ரொட்டியும் இறைச்சியுமாய் இறங்கிற்று, நாளைக்கென எடுத்து வைக்கக் கூடாதென்று கட்டளையும் இருந்தது, மீறி எடுத்து வைத்தனர் என்றொரு அறிவிப்பு திர்மிதியில் உள்ளது; அது நபிமொழியா, அம்மார் (ரலி) அவர்களின் கூற்றா என்பதில் திர்மிதீ அவர்களே ஐயம் தெரிவிக்கிறார். இதைக் கொண்டு பேழையைச் சாடப் புறப்படுவோர்க்கு அந்த ஐயம் ஒன்றே போதிய தடை. நான் கவனிப்பது வேறு. குர்ஆன் அந்த உணவை மறுக்கவில்லை. அங்கே உணவு இறைவனின் அத்தாட்சியாக வருகிறது, இறைவனாக வரவில்லை.

நமக்கும் கத்தோலிக்கர்க்கும் இடையிலுள்ள மெய்யான பிளவு அங்கேதான். உட்பொருளும் குணமும் பற்றிய வாதம் அதற்கு வெளிமுற்றம். அதே அத்தியாயத்தின் 75ஆம் வசனம், ஈசாவும் அன்னை மர்யமும் உணவு உண்பவராகவே இருந்தனர் என்பதை அவர்களின் மனிதத் தன்மைக்குச் சான்றாக வைக்கிறது. பசித்து உண்பவர் இறைவனாக முடியாது என்பது நம் வாதம். உண்டவரே உணவாகித் தம்மைத் தருகிறார் என்பது அவர்களின் வழிபாடு. முஸ்ஹஃபை நாம் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், அதற்கு ஸஜ்தா செய்வதில்லை. அவர்களோ கதிர்ப்பாத்திரத்தில் வைத்த அப்பத்தின்முன் முழந்தாளிட்டு ஆராதிக்கின்றனர். அங்கிருப்பவர் இறைவனே என்று நம்புவோர் ஆராதிக்காமல் இருப்பதுதான் முரண். அவர் இறைவன் அல்லர் என்று நம்பும் நாம் அந்த வரிசையில் நிற்பதும் முரணே.

இக்கோட்பாட்டைத் தமிழில் கொண்டுவந்தோரின் சொற்றெரிவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போர்ச்சுக்கீசியரின் 'மிஸ்ஸா' முத்துக்குளித்துறைத் தமிழில் 'மீசை'யாய் ஒலித்து நகைப்புக்கிடமானதென்றும், 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி அதனைப் 'பூசை' ஆக்கினார் என்றும் எழுதுவர். பின்னர் கோவிற் சொற்கள் பலவும் வரிசையாய் வந்து சேர்ந்தன. இறையருள் 'இஷ்டப்பிரசாதம்' ஆயிற்று. அப்பத்தில் இயேசு இருப்பதைக் குறிக்க வந்த 'எழுந்தருளியிருத்தல்' அவற்றுள் மிக வல்லது. தேரில் எழுந்தருளும் மூர்த்தியைக் கண்டு பழகிய செவிக்கு அது ஒரு நொடியில் விளங்கியது. இலத்தீனின் கலைச்சொல்லால் ஒருபோதும் முடியாதது அது. ஆனால் விளங்கியது சரியாகவே விளங்கியதா? திருமேனியில் தெய்வம் எழுந்தருளும்போது கல் கல்லாகவே இருக்கும். கத்தோலிக்கக் கோட்பாட்டிலோ அப்பம் அப்பமாக இருப்பதில்லை. 'எழுந்தருளல்' குடிபுகுதலையே சொல்கிறது, மாற்றத்தைச் சொல்லவில்லை. திரெந்து சங்கத்தார் தமிழறிந்திருந்தால் இச்சொல்லை ஐயத்துடனேயே நோக்கியிருப்பர். நம் முன்னோர் இவ்வகையில் வேறு வழி சென்றனர். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் எனச் செயலுக்கும் இடத்துக்கும் தமிழ் கொண்டனர். குர்ஆன், வஹீ என இறைவனின் வருகை தொடும் இடத்தில் அரபியை விடவில்லை. சீறாப்புராணத்தின் கவிதைத் தமிழ் இவ்வெல்லையை அங்கங்கே தளர்த்தியது. அது கவிஞருக்குரிய உரிமை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–1965) பின் வழிபாடு தமிழில் நடக்கத் தொடங்கியதும், பூசை 'திருப்பலி' ஆயிற்று. 'தேவதிரவிய அனுமானம்' என்ற கரடுமுரடான பழைய தொடர் போய் 'அருளடையாளம்' வந்தது. தமிழாக அழகுதான். ஆயினும் பழைய தொடரில் 'திரவியம்' இருந்தது, புதியதில் 'அடையாளம்' இருக்கிறது. அடையாளம் மட்டுமன்று என்பதற்காகவே நூற்றாண்டுகள் வாதிட்ட ஒரு திருச்சபைக்கு இச்சொல் எவ்வளவு பாதுகாப்பானது என்பதை அவர்களே எண்ணிப் பார்க்க வேண்டும். திண்டுக்கல் முதியோர் மட்டும் இன்னும் 'நன்மை' என்றே சொல்கின்றனர்.

இந்நகரில் அண்டை அயலாய் வாழ்வோர்க்கு இவையெல்லாம் ஏட்டு வாதங்களாய் நிற்பதில்லை. முத்தழகுபட்டி செபஸ்தியார் கோவில் திருவிழாவில் நேர்ச்சையாக வந்த ஆடுகளையும் கோழிகளையும் சமைத்துச் சாதி சமயம் பாராமல் ஆயிரக்கணக்கானோர்க்குப் பரிமாறுவர். அதில் நம்மவர் உண்ணலாமா என்பது ஃபிக்ஹு வினா, இங்கே அதனுள் நுழையவில்லை. அந்த விருந்தில் வருவோர் யாரென்று எவரும் கேட்பதில்லை. அக்கோவிலுக்குள்ளே பலிபீடத்தில் பகிரப்படும் அப்பமோ, திருச்சபையின் நம்பிக்கையை ஏற்றவர்க்கு மட்டுமே உரியது. அவர்களுள்ளும் பெரும்பாவத்துடன் இருப்பவர் பாவமன்னிப்புப் பெறாமல் வாங்கக் கூடாது. வெளிக்கூடத்து விருந்து யாவர்க்கும் திறந்திருப்பதும் உள்ளே உள்ள விருந்து மூடியிருப்பதும் முரண் அல்ல. உள்ளே தரப்படுவது இன்னது என்று அவர்கள் நம்புவதால்தான் அது மூடியிருக்கிறது.

அந்த இளைஞனிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. அவர்கள் அதனை வெறும் ரொட்டி என்று எண்ணியிருந்தால் நீ வாங்கியிருக்கலாம், அவர்கள் அவ்வாறு எண்ணவில்லை என்றேன். அடுத்த முறை என்ன செய்வது என்று கேட்டான். கால்களை ஒதுக்கி, பக்கத்தில் இருப்பவர் வரிசைக்குச் செல்ல வழிவிட்டு, இருந்த இடத்திலேயே அமர்ந்திரு என்றேன். சென்ற ஆண்டு அவன் நண்பன் ஒருவனின் திருமணத்துக்குச் சென்று வந்தான். வரிசைக்குப் போகாமல் அமர்ந்திருந்தபோது பக்கத்து இருக்கைப் பெரியவர், "நன்மை வாங்கலையா தம்பி?" என்று கேட்டாராம். "நான் முஸ்லிம் ஐயா" என்றானாம். அவர் தலையசைத்துவிட்டு, அவன் முழங்காலைத் தொட்டு, அவனைக் கடந்து வரிசைக்குச் சென்றாராம்.